கணக்கில் வராத மலை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. பெங்களூரு ஆலோசனை நிறுவனம் உன்னை அழைத்திருப்பதையும், இப்போதைய ஜவுளிக் கம்பெனியிலேயே சேலம் பக்கம் கொள்முதலையும் ஆலைகளையும் பார்க்கும் பொறுப்புக்கு மாறச் சொல்வதையும் உன் அப்பா சொன்னான். இத்தனை வருஷமாக ஒரே படியில் நிற்கிறோமே என்று நீ சரியாகத் தூங்குவதில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை. எதை எடுப்பது என்பது உன் முடிவு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். எனக்குப் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021-இல் கொண்டுவந்த, கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பைக் காட்டும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை, 2022-23 முதல் பங்குச்சந்தையின் முதல் 1000 கம்பெனிகளுக்குக் கட்டாயமானது. உன் துறையில் வேலை பெருகியதற்கு அது பெரிய காரணம். ஆனால் விதியால் வந்த மதிப்பு விதியோடு போகும். சரக்கு தருபவர்கள், வாங்குபவர்கள் பற்றிய விவரத்தையும் 2024-25 முதல் பெரிய கம்பெனிகள் தரவேண்டும், தராவிட்டால் காரணம் சொல்லவேண்டும் என்றிருந்தார்கள். 2025 மார்ச்சில் ஒரே சுற்றறிக்கையில் அதை ஓராண்டு தள்ளிவைத்து, விருப்பமிருந்தால் தரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ஐரோப்பிய ஆணையம், தங்கள் அறிக்கைச் சட்டத்துக்குள் இருந்த கம்பெனிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை விலக்கிவிட முன்மொழிந்தது. படிவம் நிரப்பத் தெரிந்ததையே பெரிய திறமையாக நம்பி ஊர் மாறுகிறவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பெங்களூருக்காரர்கள் உனக்குத் தரப்போவதும் பெரும்பாலும் அந்தப் படிவ வேலைதான்.

நீ தயாரிக்கும் அறிக்கையில் நம் கல்வராயன் மலை எங்கே வருகிறது என்று யோசித்துப் பார். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு சின்னசேலம், ஆத்தூர், சேலம் ஆலைகளுக்குப் போகிறது. அங்கே ஜவ்வரிசியாகவும் மாவாகவும் மாறுகிறது. நூலுக்குக் கஞ்சி போட உன் கம்பெனி வாங்குவது அந்த மாவைத்தான். செபி கணக்குப்படி, மொத்தக் கொள்முதல் மதிப்பில் தனியாக 2 விழுக்காடாவது இருக்கும் ஆள்தான் அறிக்கையில் வரவேண்டிய கூட்டாளி. அதிலும் மொத்த மதிப்பில் 75 விழுக்காடு வரை காட்டினால் போதும். பஞ்சுக்கும் மின்சாரத்துக்கும் பணத்தைக் கொட்டும் ஜவுளி ஆலையில் மாவு வியாபாரி அந்த 2-ஐத் தொடுவாரா? அவரே தொடாதபோது, அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் மலைக்காரர் எந்தக் காகிதத்திலும் வரமாட்டார். சரிவில் கிழங்கு பிடுங்கும்போது இளகும் மண் மழையோடு கோமுகி ஆற்றுக்கு இறங்குவதும் வராது. ஆலைக் கழிவுநீரின் புளிப்பும் நாற்றமும் வராது. அறிக்கையில் பொய் இருக்காது, ஆனால் மலையும் இருக்காது.

இது இந்த மலைக்குப் புதிதல்ல. நாடு 1947-இல் விடுதலை பெற்ற பிறகும் இங்கே ஜாகிர்தார் ஆட்சி 1976 வரை நீடித்தது. உழைத்தவன் கையில் நிலத்துக்கு ஒரு காகிதம் இல்லை. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தும், பட்டாவுக்கு அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2024-இல் கள்ளச்சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் நிலையை விசாரித்தது. மலையின் கணக்கை எழுதியவர்கள் எப்போதும் கீழே உட்கார்ந்தே எழுதினார்கள் என்பது என் தீராத வருத்தம். நீயும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் இந்தக் கடிதம்.

தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத்தான் பதவி உயர்வு, ஆலைப் பக்கம் போனால் மறந்துவிடுவார்கள் என்பாய். அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திருப்பூரைப் பார். நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் வழக்குமேல் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி செய்தால்தான் திறக்கலாம் என்ற நிலை. அன்று முதலாளிகள் தேடியது உப்பைப் பிரிக்கவும் நீரைத் திருப்பி எடுக்கவும் தெரிந்தவர்களை. அந்த அறிவுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. நீ இன்ஜினியர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மரவள்ளியில் இருக்கும் சிக்கல் இயந்திரத்தோடு முடிவதில்லை. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் செலவில் வாங்குகிறவன் எவ்வளவு ஏற்பான், மாவெடுத்த பின் மிஞ்சும் திப்பிக்கு யார் விலை தருவார், சரிவில் வரப்புக் கட்டும் விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூட்டித் தரலாம் என்பதெல்லாம் கொள்முதல் ஒப்பந்தத்தில் தீர்மானமாகிறவை. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு நீ போகவேண்டும். நாளைக்கு விதி தளர்ந்தாலும் இறுகினாலும், சரக்கு எங்கிருந்து, எந்த விலையில், எவ்வளவு தண்ணீரில் வருகிறது என்று தெரிந்தவளை எந்தக் கம்பெனியும் எளிதில் விடாது.

பிள்ளையின் பள்ளிக்கூடம், மாப்பிள்ளையின் வேலை என்று உனக்கு ஆயிரம் இருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காரணத்துக்காக நீ பெங்களூரு போனால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சம்பளத்துக்காகப் போனாலும் தப்பில்லை, கஷ்டப்பட்டுப் படித்தவள் நீ. ஆலை வேலையை எடுப்பதானால் மட்டும், கொள்முதல் அதிகாரம் உன் கையில் இருக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். வெறும் ஆய்வுப் பணி என்றால் வேண்டாம்.

நிறையப் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே பாப்பா. நம் குடும்பத்தில் உன்னைப்போல் யோசிக்கிறவர்கள் யாரும் இல்லை, நீ எதைச் செய்தாலும் சரியாகத்தான் செய்வாய். முதலில் நன்றாகத் தூங்கு, வேளைக்குச் சாப்பிடு. பெரியம்மா உனக்குச் சாமை அரிசி கட்டிவைத்திருக்கிறாள், பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். முடிவெடுத்ததும் முதலில் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
பெரியப்பா