பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், ஆனா நாம போனா மட்டும் வராது

ஆஃபர் லெட்டரில் பணியிடம் என்று போட்ட இடத்தில் 'சென்னை' என்று ஒரே ஒரு வார்த்தை தான் இருக்கும். அதைப் பார்த்து சந்தோஷப்படுற நேரத்தில் அடுத்த கேள்வி யாருக்கும் தோணாது: சென்னையில எங்க? அம்பத்தூர் எஸ்டேட்டும் சென்னை தான், சிறுசேரி சிப்காட்டும் சென்னை தான். இரண்டுக்கும் நடுவில் நேர்கோடு போட்டாலே சுமார் 30 கிலோமீட்டர். "பெரம்பூர்ல சித்தி வீடு இருக்கே, அங்க தங்கிக்கட்டும்" என்று வீட்டில் முடிவு பண்ணிவிடுவார்கள். சித்தி சமையல் நல்லா தான் இருக்கும். ஆனால் ஆபீஸ் சோழிங்கநல்லூரில் என்றால், அந்தச் சமையலை ஏழரை மணிக்கே டப்பாவில் கட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

இது அந்த ஓட்டத்தைப் பற்றிய பாடம். புலம்பல் இல்லை, அதற்கு நிறைய பேர் இருக்காங்க. பி.க்யூ.டி. பேப்பரை 'எப்படியாவது பாஸ் பண்ணா போதும்' என்று எழுதி வந்தோமே, அதில் இருந்த சில கணக்குகள் நம்ம வாழ்க்கையில் எங்கே வந்து உட்காருது என்று பார்க்கப் போகிறோம். மற்ற டிபார்ட்மென்ட் மக்கள் பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பில் படித்த சராசரியும் திட்ட விலக்கமும் தெரிந்தால் போதும்.

முதலில் பஸ் ஸ்டாப். ஒரு மணி நேரத்தில் ஆறு பஸ் வருகிறது. சராசரி இடைவெளி 10 நிமிஷம். நீங்க ஏதோ ஒரு நேரத்தில் போய் நின்றால் சராசரியா எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க? உடனே வர்ற பதில் 5 நிமிஷம். பஸ் எல்லாம் கடிகாரம் மாதிரி சமமான இடைவெளியில் வந்தால் அது சரி. ஆனால் 29சி-க்கோ 570-க்கோ நின்ற யாரைக் கேட்டாலும் தெரியும்: ரொம்ப நேரம் ஒண்ணும் வராது, வந்தா மூணு சேர்ந்து வரும்.

அதனால் ஆறு இடைவெளிகளை இப்படி வைத்துக்கொள்வோம்: மூன்று 2 நிமிஷம், மூன்று 18 நிமிஷம். மொத்தம் அதே 60, சராசரி அதே 10. டிப்போவில் கேட்டால் "பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடுறோம் சார்" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த 60 நிமிஷத்தில் 54 நிமிஷம் பெரிய இடைவெளிகளுக்குச் சொந்தம். நீங்க ஸ்டாப்புக்கு வந்து சேர்வது அந்த 54-க்குள் விழ வாய்ப்பு 90 சதவீதம். விழுந்தால் சராசரிக் காத்திருப்பு 9 நிமிஷம். மீதி 10 சதவீதத்தில் விழுந்தால் 1 நிமிஷம். இரண்டையும் சேர்த்தால் 8.2 நிமிஷம். பஸ் எண்ணிக்கை ஒண்ணு கூட குறையல, காத்திருப்பு மட்டும் 5-லிருந்து 8.2 ஆகிவிட்டது. 'நான் போனா மட்டும் பஸ் வராது' என்பது ராசி இல்லீங்க, நிகழ்தகவு.

கூட்டமும் இதே கணக்கு தான். நிமிஷத்துக்கு ஒருத்தர் ஸ்டாப்புக்கு வருகிறார் என்றால், 18 நிமிஷம் கழித்து வரும் பஸ்ஸில் 18 பேர் ஏறுவார்கள், 2 நிமிஷத்தில் ஒட்டி வரும் பஸ்ஸில் 2 பேர். பஸ்ஸுக்கு சராசரி 10 பேர். ஆனால் பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேர் ஏறுவது நெரிசல் வண்டியில். காலி பஸ் ஓடிக்கொண்டு தான் இருக்கும், அதில் உட்கார்ந்து போகிறவர்கள் தான் கம்மி.

சரி, பஸ்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன? டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு வருவதாக நம்ம ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் இதைக் கணக்காகவே எழுதிவிட்டார்கள். ஒரு பஸ் 1 நிமிஷம் தாமதம் என்றால் அடுத்த ஸ்டாப்பில் ஒரு ஆள் கூடுதலாக நிற்பார். அவர் ஏற 3 நொடி என்று வைத்தால் தாமதம் 5 சதவீதம் கூடும். அடுத்த ஸ்டாப்பில் அதன் மேல் இன்னொரு 5 சதவீதம். வட்டிக்கு வட்டி! 20 ஸ்டாப் தாண்டினால் 1.05-ஐ 20 தடவை பெருக்கணும்: 2.65. அதாவது சிக்னலில் 3 நிமிஷம் மாட்டிய பஸ், 20 ஸ்டாப் கழித்து கிட்டத்தட்ட 8 நிமிஷம் லேட். பின்னால் 10 நிமிஷ இடைவெளியில் வந்த பஸ்ஸுக்கோ ஏற ஆளே இல்லை, அது வேகமாக வந்து முன்னால் போவதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் நிலையற்ற சமநிலை என்று ஒரு பந்தை மலை உச்சியில் வரைவார்களே, அது இது தான். டிரைவர் பாவம், அவர் மேல தப்பில்லை. நடுவழியில் சில நிமிஷம் நிறுத்தி இடைவெளியைச் சரி செய்வது தான் வழக்கமான மருந்து. ஆனால் உள்ளே இருக்கிறவர்கள் "ஏன்யா நிக்குது?" என்று கத்துவார்கள்.

இனி பெரம்பூர் கதைக்கு வருவோம். மின்சார ரயிலில் சென்ட்ரல், எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து திருவான்மியூர், இறங்கினால் டைடல் பார்க் பக்கம் ஓ.எம்.ஆர்., அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. காத்திருப்பையும் சேர்த்து ஒரு உதாரணக் கணக்கு: மின்சார ரயில் 25 நிமிஷம், திட்ட விலக்கம் 4. பறக்கும் ரயில் 35, விலக்கம் 5. ஓ.எம்.ஆர். சாலை 35, விலக்கம் 10. மொத்தச் சராசரி 95 நிமிஷம். 9.30-க்கு விரல் வைக்கணும் என்றால் 7.55-க்கு கிளம்பினால் போதுமே? போதாது. சராசரியை நம்பிக் கிளம்பினால் ஏறக்குறைய பாதி நாள் லேட்.

விலக்கங்களை அப்படியே கூட்டக்கூடாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும்: 16, 25, 100, மொத்தம் 141. வர்க்கமூலம் கிட்டத்தட்ட 12. இருபது நாளில் பத்தொன்பது நாள் நேரத்துக்குப் போக, சராசரியோடு 1.65 மடங்கு விலக்கம் சேர்க்கணும். 20 நிமிஷம். ஆக 7.35-க்கு வீட்டை விட்டு இறங்கணும். இந்த 20 நிமிஷம் பயணமும் இல்லை, தூக்கமும் இல்லை. பெரும்பாலான நாள் ஆபீஸ் கேன்டீனில் சும்மா உட்கார்ந்து கழியும். மாசம் 22 வேலை நாள் என்றால் 7 மணி 20 நிமிஷம், கிட்டத்தட்ட ஒரு முழு வேலை நாள். அதற்குச் சம்பளம் கிடையாது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. வர்க்கங்களைக் கூட்டலாம் என்பது மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தாமதமாகும்போது மட்டும். நவம்பர் மழையில் மூன்றும் சேர்ந்தே கவுத்தும். அப்போது விலக்கம் 4, 5, 10-ஐ நேராகவே கூட்டி 19. கூடுதல் நேரம் 31 நிமிஷம். 'அசைன்மென்ட்டில் எல்லாம் சார்பற்றவை என்று கொள்க' என்று ஒரு வரியில் தாண்டிய இடத்தில் தான் நிஜத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது.

இப்போது எதைக் குறைத்தால் லாபம்? மின்சார ரயிலின் விலக்கத்தை முழுசா பூஜ்யம் ஆக்கினாலும் மொத்த விலக்கம் 12-லிருந்து 11.2 தான். அதாவது கூடுதல் வாடகை கொடுத்து மயிலாப்பூரில் பறக்கும் ரயில் பக்கத்தில் ரூம் எடுத்தால் பயண நேரம் நல்லாவே குறையும், ஆனால் 'இன்னைக்கு லேட் ஆகுமோ' என்ற படபடப்பு அப்படியே இருக்கும். சாலைப் பகுதியின் விலக்கத்தை 10-லிருந்து 5 ஆக்கினால் மொத்தம் 8.1. பெரிய விலக்கம் தான் உங்க காலையை ஆளுது, கிலோமீட்டர் இல்லை.

அதற்கு ரூம் மாற வேண்டியது கூட இல்லை. 1964-இல் அமெரிக்கச் சாலைத் துறை கொடுத்த ஒரு சூத்திரம் சிவில் மக்களுக்குத் தெரிந்திருக்கும்: சாலையில் வரும் வண்டிகளை அதன் கொள்ளளவால் வகுத்து, நான்கு தடவை பெருக்கி, 0.15-ஆல் பெருக்கினால் கூடுதல் நேரம். வண்டியும் கொள்ளளவும் சமம் என்றால் 15 சதவீதம் கூடுதல். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு போட்டு மூன்று வழி இரண்டானால் விகிதம் 1.5, கூடுதல் 76 சதவீதம்! பாதை குறைந்தது மூன்றில் ஒன்று, அடி விழுந்தது ஐந்து மடங்கு. தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும் பைக்கும் கலந்து ஓடும் ஓ.எம்.ஆரில் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் வளைவின் குணம் இது தான். கூட்டம் உச்சிக்கு ஏறும் முன் அரை மணி நேரம் முந்திக் கிளம்பினால், அந்த அரை மணியில் ஒரு பங்கு சாலையிலேயே திரும்பக் கிடைக்கும். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை போகும் 45.8 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடம் முழுசா ஓடும்போது இந்தக் கணக்கையே புதுசா போடணும். அது வரைக்கும் தடுப்புகளோடு தான் குடித்தனம்.

கம்பெனி கேப் தருவாங்களே என்பீர்கள். தருவாங்க. நாலு பேர் ஷேரிங்கில், ஒவ்வொருத்தரும் பத்துக்கு ஒன்பது நாள் சரியான நேரத்துக்குக் கீழே வந்து நின்றாலும், நாலு பேரும் சரியாக நிற்கும் நாள் 65.6 சதவீதம் தான். மூன்றில் ஒரு நாள் யாரோ ஒருத்தர் சட்டைக்கு அயர்ன் பண்ணிக்கொண்டிருப்பார்.

ஒரு விஷயத்தை இந்தச் சூத்திரங்கள் பார்ப்பதே இல்லை. காலை எட்டு மணிக்கு 18 நிமிஷமும் ராத்திரி பத்தரைக்கு 18 நிமிஷமும் காகிதத்தில் ஒன்று. காரப்பாக்கம் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த ஸ்டாப்பில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு ஒன்று இல்லை. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். ஆனால் 'அடுத்த வெள்ளை போர்டு வரட்டும்' என்று ராத்திரியில் காத்திருப்பது வேறு மாதிரி ஒரு கட்டணம். பொண்ணுங்க ரூம் தேடும்போது 'கொஞ்சம் வாடகை கூட, ஆனா ஆபீஸ் பக்கம்' என்று ஏன் முடிவெடுக்கிறாங்க என்று கேட்கும் பசங்களுக்காக இதைச் சொல்றேன். நடைக்கு விலக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஆஃபர் வந்ததும் எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டு எந்த கேம்பஸ், எந்த ஷிப்ட் என்று கேளுங்க. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு வாரம் சித்தி வீட்டிலோ நண்பன் ரூமிலோ தங்கி, தினமும் கிளம்பிய நேரம், ஆபீஸ் கேட்டைத் தொட்ட நேரம் இரண்டை மட்டும் போனில் குறியுங்க. திரும்பி வருவதையும் தனியாகக் குறிக்கணும், அது வேற சுபாவம். பத்து எண் கிடைத்ததும் சராசரியைப் பார்க்கும் முன் அதில் மிக மோசமான நாளைப் பாருங்க. அந்த நாள் மாசத்துக்கு இரண்டு தடவை வந்தால் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டு, அப்புறம் வீட்டுக்காரரிடம் வாடகை பேசப் போகலாம்.