வீட்டிலேயே எழுத்துக்கூட்டப் பழக்குவோம்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் ‘கெ’, ‘கொ’ என்று வந்தாலே திணறுகிறார்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. மக்தபில் இந்தத் தொல்லை இல்லை. ஜபரும் பேஷும் எழுத்துக்கு மேலே, ஜேர் கீழே, அவ்வளவுதான்.

247 எழுத்தும் மனப்பாடமாகும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் புழங்கும் சொல் போதும். ‘தொழுகை’யைத் தாளில் பெரிதாக எழுதி, தொ, ழு, கை என மூன்றாக வெட்டிக் கலைத்துவிட்டு, சேர்க்கச் சொல்லுங்கள். முதலில் ‘தொ’ என்று வாயால் சொல்லட்டும்; பிறகு கொம்பு எது, கால் எது என்று விரலால் காட்டட்டும். அடுத்த நாள் ‘நோன்பு’.

‘ள’ சொல்லும்போது நாக்கு மேலே மடங்குவதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். நாமே ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று சொல்லிவிட்டு, எழுத்துப் பிழைக்குப் பிள்ளையை ஏசுவது அநியாயம்.

எழுதப் படிக்கத் தெரியாத உம்மாமார் ஒதுங்க வேண்டியதில்லை. மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை வாசித்த சொல் உங்களுக்கு விளங்கவில்லையென்றால், மறுபடியும் கூட்டச் சொல்லுங்கள்.