வேலையில்லாத் திண்டாட்டம்: வகையும் அளவும்

வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் 'வேலையில்லாதவர் யார்?' என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. வேலை செய்யும் வயதும் வலுவும் விருப்பமும் இருந்து, வேலையைத் தேடியும் அது கிடைக்காதவரே வேலையற்றவர் என்பது பொருளாதார நூலோர் கொண்ட பொருள். படிக்கும் மாணவரும் தள்ளாத முதியவரும் இக்கணக்கில் சேரார். வேலை கிடைக்காதென்று மனம் சலித்துத் தேடுவதையே விட்டுவிட்டவரும் சேரார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

லால்பேட்டைச் சுற்றுப்புறத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியே வரும் காவிரி நீர் வீராணம் ஏரியை நிரப்புகிறது. அவ்வேரியை நம்பிய நஞ்சை ஏறத்தாழ 44,856 ஏக்கர். இங்குச் சம்பாவே பெருவெள்ளாமை. புரட்டாசி, ஐப்பசியில் நடவு, பிறகு களையெடுப்பு, தையில் அறுவடை. அறுவடையை ஒட்டித் தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனிக்குள் வீடு வந்து சேரும். அதன்பின் ஏரியில் மீண்டும் தண்ணீர் வரும்வரை வயலில் கைக்கு வேலை அரிது. இதுவே பருவகால வேலையின்மை.

அதே ஊரில் கொடிக்காலுக்குச் சென்று பாருங்கள். லால்பேட்டையிலும் கொள்ளுமேட்டிலும் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. அகத்தியில் கொடியை ஏற்றிக் கட்டுவது, தண்ணீர் விடுவது, இலை கிள்ளுவது, கவுளியாக அடுக்குவது என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். நெல்லும் வெற்றிலையும் ஒரே தண்ணீரைக் குடித்தாலும் வேலை தருவதில் அவற்றினிடையே இவ்வளவு வேற்றுமை இருக்கிறது.

அடுத்தது மறைமுக வேலையின்மை. 1936இல் ஜோன் ராபின்சன் அம்மையார் இச்சொல்லை வழங்கினார். தகுந்த வேலையை இழந்தவர் கிடைத்த சிறு தொழிலில் ஒட்டிக்கொள்வதையே அவர் குறித்தார். நம் நாட்டில் அது வேளாண்மைக் குடும்பங்களுக்கு ஆகிவந்தது. ஒரு ஏக்கர் நிலத்தில் தந்தை, தாய், இரு மக்கள் என நால்வர் உழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் விலகினாலும் விளைச்சல் குறையாதெனில், நால்வரும் உழைப்பவராகக் காணப்பட்டாலும் இருவருக்கு உண்மையில் வேலை இல்லை.

அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியபின் அரிவாள் பிடித்த கைகள் இழந்த வேலை தொழில்நுட்ப வேலையின்மை. கல்லூரிப் பட்டம் பெற்றும் அதற்கேற்ற பதவி கிட்டாதது படித்தவர் வேலையின்மை. உலக வாணிபம் சரியும்போது நேர்வது சுழல் வேலையின்மை. லால்பேட்டையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டும் குடும்பங்கள் பல. அங்கே எண்ணெய் விலை வீழ்ந்தால் இங்கே கடைத்தெருவில் அது தெரியும்.

இனி அளவைக்கு வருவோம். 1968இல் இந்திய அரசு அமைத்த தாந்த்வாலா குழு, மேலை நாட்டார் அளவுகோல் நம் கிராமங்களுக்குப் பொருந்தாது என்றும், ஒரே எண்ணில் வேலையின்மையை அடக்க முயலலாகாது என்றும் 1970இல் கருத்துரைத்தது. அதன்பின் 1972-73இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில் மூன்று முறைகள் கையாளப்பட்டன. கடந்த 365 நாட்களில் பெரும்பகுதி என்ன நிலை என்று கேட்பது ஆண்டு முறை. கடந்த 7 நாட்களில் ஒரு மணி நேரமேனும் வேலை செய்தாரா என்று கேட்பது வார முறை. ஒவ்வொரு நாளையும் அரை நாளாகப் பிரித்து எண்ணுவது நாள் முறை.

இம்மூன்றும் ஒன்றையே காட்டுமா? ஒரு சிற்றூரில் 100 தொழிலாளர். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் 4 நாள் வேலை. மற்ற 3 நாளும் வேலை தேடியும் கிடைக்கவில்லை. வார முறைப்படி வேலையற்றவர் ஒருவரும் இலர்! நாள் முறையிலோ 700 ஆள்-நாட்களில் 300 வீண். அதாவது நூற்றுக்கு 43 பங்கு வேலையின்மை. ஊர் ஒன்றே, கேள்வி மாறியது, விடையும் மாறிவிட்டது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2017இல் தொடங்கிய தொழிலாளர் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை 2017-18இல் 6.0 விழுக்காடு, 2023-24இல் 3.2 விழுக்காடு. இவை ஆண்டு முறை எண்கள். அதே 2023-24இல் வார முறை எண் 4.9 விழுக்காடு. நாளிதழில் எண்ணைக் காணும் அன்பர்கள் அது எம்முறையில் எடுத்தது என்று முதலில் பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டையும் சிலர் அளவாகக் கொள்கின்றனர். அதில் வேலையிலிருந்துகொண்டே மேற்பதவிக்குப் பதிந்தவர் உண்டு. பதியவே செய்யாத கூலியாளரோ கணக்கில்லை.

கணக்கெடுப்பில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. விடியற்காலையில் மாடு கறந்து, பகலில் குடும்பக் கொடிக்காலில் இலை கிள்ளி, மாலையில் புல்லறுத்து வரும் பெண்மணியிடம் 'என்ன வேலை செய்கிறீர்கள், அம்மா?' என்று கேட்டால், 'வீட்டிலே சும்மாதான் இருக்கிறேன்' என்பார். குடும்பத் தொழிலில் கூலியின்றி உழைப்பவரும் வேலையில் உள்ளவரே என்பது ஆய்வின் விதி. அச்'சும்மா'வை அப்படியே எழுதிக்கொண்டு வருபவர் ஓர் உழைப்பாளியை ஏட்டிலிருந்து நீக்கிவிடுகிறார். துருவிக் கேட்கப் பொறுமை வேண்டும்.

எம்முறையைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே திட்டமும் அமையும். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 100 நாள் வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரி 2இல் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட 200 மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. அது ஊராட்சிகளுக்கு உரியதாகையால் பேரூராட்சியான லால்பேட்டை அதனுள் வரவில்லை. அண்டை ஊராட்சிகள் வந்தன. தெருவின் இருபுறமும் ஒரே வயலில் நட்டவர்கள்தாம். ஓர் எல்லைக்கோடு ஒருவருக்கு வேலை அட்டை தந்தது, மற்றவருக்குத் தரவில்லை.

ஆகவே ஊராட்சியில் வேலைத் திட்டம் வகுப்போர் ஆண்டுக்கு ஓர் எண்ணை எழுதி நிறுத்திவிடாது, சித்திரை முதல் பங்குனி வரை மாதந்தோறும் எத்தனை ஆள்-நாட்கள் வீணாகின்றன என்று தெருவாரியாக ஒரு பட்டியல் எழுதிவைக்கக் கோருகிறோம். வாய்க்கால் தூர் வாருதலும் குளம் ஆழப்படுத்துதலும் நடவு மாதத்தில் நடந்தால் உழவருக்கு ஆள் கிடைக்காது. சித்திரை, வைகாசியில் நடந்தால் ஏரியில் தண்ணீர் வருமுன் வாய்க்காலும் தயாராகிவிடும்.