செவிலியர் கடமையும் மறைபொருள் காத்தலும்

நோயாளியின் அருகே நெடுநேரம் இருப்பவர் செவிலியர். மருத்துவர் கேளாத சொற்களும், உற்றார் அறியாத செய்திகளும் அவர் செவிக்கு எட்டுகின்றன. மருந்தை அளவறிந்து கொடுத்தலும், புண்ணைத் துடைத்துக் கட்டுதலும் பயிற்சியால் கைவரும். தாம் அறிந்ததை எவரிடம் சொல்வது, எவரிடம் சொல்லாதிருப்பது என்னும் முடிவு அவ்வளவு எளிதில் கைவருவதன்று. நம் குடும்பத்துப் பெண்மக்களுள் செவிலியர் கல்வி பயில்வோர்க்கும், பயில எண்ணுவோர்க்கும் பயன்படுமாறு, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் நிகழ்ச்சிகளைக் கொண்டே இப்பொருளை ஈண்டு ஆராய்வோம்.

பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953ஆம் ஆண்டில் தன் ஒழுக்க நெறியை முதன்முதலாக ஏற்றது. 2021இல் அது மீண்டும் திருத்தப்பெற்றது. நோயாளியைப் பற்றி அறிந்ததை மறைபொருளாகக் காத்தல் அந்நெறியின் உறுப்புகளுள் ஒன்று. மருத்துவ அறம் பற்றிய பாடநூல்களோ நோயாளியின் விருப்பத்தை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நடுநிலை என நான்கு கோட்பாடுகளைக் கூறும். ஏட்டில் இந்நான்கும் உடன்பிறந்தார் போல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. சிற்றூர் வீட்டின் திண்ணையில் அவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நம்மவர்க்கு இது புதிய சிக்கலும் அன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வாய்மை விரதத்தின் அதிசாரங்களை ஐந்தாக எண்ணுகிறது. பிறருடைய மறைவான செய்தியை வெளியிடுதலும், பொய்ப் பத்திரம் எழுதுதலும் அவ்வைந்தில் அடங்கும். ஆயினும், அணுவிரதங்களின் வரிசையில் கொல்லாமை முதலாவது, வாய்மை இரண்டாவது என்பதையும் உடன் நினைவிற் கொள்ள வேண்டும்.

மறைபொருளை முழுதும் காக்க வேண்டிய இடத்தை முதலில் காண்போம். நாமக்கல் லாரித் தொழிலால் பெயர் பெற்ற ஊர். பல நாள் வீட்டை விட்டு நெடுஞ்சாலையிலேயே வாழும் ஓட்டுநர்களும் அவர்தம் மனைவியரும் எச்.ஐ.வி. தொற்றினால் பட்ட துன்பத்தை அப்பகுதி மக்கள் அறிவர். ஓட்டுநர் ஒருவருக்குத் தொற்று இருப்பதைப் பரிசோதனை முடிவிலிருந்து செவிலியர் அறிகிறார். அவர் மனைவியும் அதே ஊரினர், தெரிந்தவர். சொல்லிவிடலாமா? 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது, இதற்குத் தெளிவான விடை தருகிறது. வாழ்க்கைத் துணைக்கு அறிவிக்கும் உரிமை மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே உண்டு. அவர்களும் முதலில் நோயாளிக்கு அறிவுரை கூறி, தாமே சொல்ல வாய்ப்பளித்து, அதன் பின்னரே அறிவிக்கலாம். தொற்றுற்றவர் பெண்ணாயிருந்து, செய்தி வெளிப்பட்டால் அடியும் கைவிடப்படுதலும் நேரும் என அஞ்சக் காரணமிருந்தால், அவர்களும் சொல்லலாகாது. எனவே செவிலியர் செய்யத்தக்கது, தம் கவலையை மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அன்றே ஒப்படைப்பது. மனைவியின் நலம் கருதித் தெருவில் காதோடு காதாகச் சொல்வது நன்மை போலத் தோன்றும். அச்சொல் மாலைக்குள் ஊர் முழுதும் பரவிவிடும்.

இனி, மறைபொருள் காத்தல் செல்லாத இடம். அன்றைய சேலம் மாவட்டத்தின் ஓமலூர், எடப்பாடி வட்டாரச் சிற்றூர்களில் பெண்சிசுக் கொலை நிலவியமை மறைக்க இயலாத வரலாறு. 1991, 2001 கணக்கெடுப்புகளில், சேலத்தில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் ஏறத்தாழ 850 பேரே இருந்தனர். 2011இல் இவ்வெண் 900ஐக் கடந்தது. சமவெளியில் ஏறத்தாழ 5000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அங்குள்ள கிராம சுகாதார செவிலியரே கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் ஏட்டில் பதிந்து, தடுப்பூசியிட்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் வீடு தேடிச் சென்று பார்ப்பவர். "இரண்டாவதும் பெண்ணாய்ப் பிறந்தால் பார்த்துக்கொள்வோம்" என்று மாமியார் சொல்லும் சொல்லின் பொருள் அவருக்கு விளங்கும்.

அவர் நிலை இரங்கத்தக்கது. காவலரிடம் சொன்னால் அவ்வீட்டின் கதவு மட்டுமன்றி அத்தெருவின் கதவுகள் அனைத்தும் அடைபடும், அடுத்த கர்ப்பிணி பதியவே வரமாட்டார். சொல்லாவிடில் ஓர் உயிர் போகலாம். எம் கருத்தில், மறைபொருளின் காவல் அதனைச் சொன்னவரைக் காப்பதற்கே உரியது. வாய் பேசவியலாத மூன்றாம் உயிரைக் கொல்லும் எண்ணத்திற்கு அக்காவல் நீளாது. உயிருக்கு இடர் உறுதியெனத் தெரிந்தபின் மேலதிகாரிக்கும் குழந்தை நலக் குழுவுக்கும் அறிவித்தே ஆக வேண்டும். ஆனால் திறமையுள்ள செவிலியர் அந்நாள் வரை காத்திரார். கருவுற்ற ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே அப்பெண்ணைத் தனியே அமர்த்திப் பேசுவார். 'குடும்பத்தின் விருப்பம்' எனப்படுவது பெரும்பாலும் கணவனும் மாமியாரும் பேசும் விருப்பமே. பெற்றவளின் குரல் தனிமையில்தான் கேட்கும். 1992இல் தமிழக அரசு தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் போன்றவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் மாமியாரும் சற்றே செவிசாய்ப்பார். வெறும் அறவுரை அவ்வீட்டில் விலை போகாது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ சைகையாலோ உணர்த்துவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதைச் செவிலியர் மறத்தலாகாது. இனிப்பின் பெயரைச் சொல்லிக் குறிப்புணர்த்துவதும் அதிலடங்கும்.

தொட்டில் குழந்தைத் திட்டமும் 1992இல் சேலத்திலேதான் தோன்றியது. பெற்றோர் பெயர் சொல்லாமலே குழந்தையைத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது அதன் அமைப்பு. கைவிடுதலை இது எளிதாக்குகிறது எனக் குறை கூறியோரும் உளர். அக்குறையில் உண்மையுண்டு, எனினும் தொட்டிலில் கிடக்கும் குழந்தை உயிரோடிருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை ஒப்படைக்க விரும்பும் தாய் குழந்தை நலக் குழுவின் முன் எழுதிக் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் இரண்டு திங்களுக்குள் திரும்பப் பெறலாம். பேறு முடிந்த களைப்பில் அழுதுகொண்டிருப்பவளிடம் கையெழுத்து வாங்க விரையாமல், இக்காலக்கெடுவை அவளுக்கு எடுத்துச் சொல்வது செவிலியர் பொறுப்பு.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2019 ஏப்ரலில் இராசிபுரத்தில் வெளிப்பட்டது. முன்னாள் செவிலியர் எனச் செய்தித்தாள்கள் குறித்த ஒரு பெண், குழந்தைகளை விலை பேசியதாக ஒலிப்பதிவு ஒன்று பரவியது. பிறப்புச் சான்றிதழும் வாங்கித் தருவதாக அதில் பேசப்பட்டது. பலர் கைதாயினர், வழக்குக் குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பெற்றது. பிள்ளையில்லாதவருக்குப் பிள்ளையும், வறியவளுக்குப் பணமும் கிடைத்தால் என்ன தீங்கு என்று கேட்பவரும் இருக்கின்றனர். குழந்தையை விற்பாருக்கு ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கும் மேற்கூறிய சட்டத்தின் 81ஆம் பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் மருத்துவமனை ஊழியராயின் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை விதிக்கிறது. பொய்ச் சான்றிதழோடு சென்ற குழந்தையைத் தேடி இரண்டாம் திங்களில் ஒரு தாய் வந்து நின்றால், அவளுக்குக் காட்ட எந்த ஏட்டிலும் ஒரு வரியிராது.