மூட்டுவலியும் மாதவிலக்கும் சேர்ந்து வரும் நாட்களுக்கு

சிக்குன்குனியா காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். மூட்டுவலி அப்படியில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் உடம்போடு தங்கிவிடும். அப்படி அவதிப்படுகிறவர்களில் பெண்கள் கூடுதலாக ஒன்று சொல்வார்கள். சென்னை பாலவாக்கம் குப்பத்தில் மீன் விற்கிற அக்காவும் சரி, ஈ.சி.ஆர். ஓரத்து அபார்ட்மென்டிலிருந்து வேலைக்குப் போகிற பெண்ணும் சரி, சொல்வது இதைத்தான்: "தேதி நெருங்கினாலே கை காலெல்லாம் பிடிச்சுக்குது." டாக்டரிடம் இதைச் சொல்லக் கூச்சம். மீறிச் சொன்னாலும் "எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறதுதானே" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அப்படி முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தேதி சொல்லிவிட்டு வருகிற வலி இது. அதற்கு முன்கூட்டியே தயாராகலாம்.

சென்னைக்கு இந்த நோய் புதிதல்ல. 1963-ல் கொல்கத்தாவில் பரவியது, 1964-ல் சென்னைக்கு வந்தது. பிறகு பல ஆண்டுகள் அடங்கியிருந்து, 2006-ல் இந்தியா முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று கணக்கெடுக்கும் அளவுக்குத் திரும்பியது. நோய் தொடங்கி 3 மாதம் கடந்தும் மூட்டுவலி தொடர்ந்தால் அதை நாள்பட்ட நிலை என்கிறார்கள். பெண்களுக்கும், 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆரம்பத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்களுக்கும் இப்படி நீடிப்பது அதிகம்.

தேதி நெருங்கும்போது வலி ஏறுவதற்குக் காரணம் உண்டு. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் இரண்டும் சரசரவென்று இறங்குகின்றன. கர்ப்பப்பையின் உள்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அடிவயிற்றைப் பிசைகிற வலிக்கு அதுதான் காரணம். மூட்டு வீக்கத்திலும் வலியிலும் பங்குள்ளதும் இதே வகைப் பொருள்தான். தூக்கமும் கெட்டால் வலி தாங்கும் சக்தி இன்னும் குறையும். முடக்குவாதம் உள்ள பெண்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலரும் இந்த ஏற்றத்தைக் கவனித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்குப் பிறகு மூட்டுவலியும் அசதியும் விடாத பெண்களும் இதையே சொல்கிறார்கள். கனெக்டிகட்டிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் உங்கள் மகளுக்கோ தங்கைக்கோ அந்தப் பிரச்சினை இருந்தால், கீழே சொல்வதில் பெரும்பாலானவை அவர்களுக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்: முறையான சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிடுவதால் நீடித்த பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

முதல் வேலை: காலண்டரில் குறித்தல்

பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற மாதக் காலண்டரே போதும். மாதவிலக்கு தொடங்கிய நாளைச் சுற்றி ஒரு வட்டம். தினமும் தூங்கப் போகும்முன் மூன்று விஷயம்: வலி பத்துக்கு எத்தனை, காலையில் விரல் பிடிப்பு விட எத்தனை நிமிடம் ஆனது, என்ன மாத்திரை போட்டீர்கள். காய்ச்சல் அடித்தால் அதையும் எழுதுங்கள்.

மூன்று மாதம் எழுதினால் உங்கள் உடம்பின் கணக்கு பிடிபடும். சிலருக்கு இரண்டு நாள் முன்னால் ஏறி, ரத்தப்போக்கு தொடங்கியதும் இறங்கும். சிலருக்கு மூன்றாம் நாள் வரை இழுக்கும். காலைப் பிடிப்பு எத்தனை நிமிடம் என்பது டாக்டருக்கு மிகவும் பயன்படும். அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மூட்டுக்குள் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது: மாத்திரைப் பட்டைகளை மேசையில் பரப்புங்கள்

என் மனதில் பெரிய கவலை இதில்தான் இருக்கிறது. மூட்டுக்கு ஒரு டாக்டர், மாதவிலக்கு வலிக்கு இன்னொரு டாக்டர், அவசரத்துக்கு மெடிக்கல் ஷாப் தம்பி. மூவரும் தருவது பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்து. வீட்டிலுள்ள எல்லாப் பட்டைகளையும் எடுத்து, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் படியுங்கள். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், மெஃபனமிக் ஆசிட் எல்லாம் ஒரே வகை. மூட்டுக்கு என்று வாங்கிய ஜீரோடால்-பி-யில் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் இருக்கின்றன. வயிற்றுவலிக்கு என்று வாங்கிய மெஃப்டால்-ஸ்பாஸில் மெஃபனமிக் ஆசிட் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாகிறது. வயிறு புண்ணாகும், சிறுநீரகத்துக்கும் சுமை. அதோடு டோலோ 650-ஐயும் சைக்ளோபாமையும் சேர்த்தால் பாராசிட்டமாலும் எகிறிவிடும்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "மூட்டுக்கும் மாதவிலக்குக்கும் சேர்த்து ஒரே வலி மாத்திரை போதுமா? எந்த நாளில் ஆரம்பிக்கட்டும், எத்தனை நாளில் நிறுத்தட்டும்?" வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே போட்டால் இந்த வகை மருந்து நன்றாகக் கேட்கும். உதிரப்போக்கையும் ஓரளவு குறைக்கும். சாப்பிட்ட பிறகு மட்டுமே போட வேண்டும். அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, ரத்த அழுத்தம், வலி மாத்திரை போட்டால் இளைப்பு இருப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

மெஃபனமிக் ஆசிட் பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அரிதாகச் சிலருக்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, நெறிகட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு வரலாம் என்றது. தடிப்பு தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நாள்பட்ட மூட்டுவலிக்குச் சிலருக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதுவார்கள். அது வாரம் ஒருமுறை மட்டும் போடுகிற மாத்திரை, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்தையும் பாதிக்கும். அதனால் குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்பே சொல்லிவிட வேண்டும். தேதி தள்ளிப்போனால் அடுத்த மாத்திரைக்கு முன் கர்ப்பப் பரிசோதனை. ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டாலும் மாதவிலக்கு முறை மாறலாம்.

மூன்றாவது: தேதிக்கு முந்தைய வாரமே வீட்டு வேலை

இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது, கிரைண்டர் கல்லை எடுத்துக் கழுவுவது, பெட்ஷீட் பிழிவது. மணிக்கட்டையும் விரல்களையும் வதைக்கிற வேலைகள் இவைதான். கேனுக்குக் கைப்பம்ப் வாங்கிவிட்டால் கவிழ்க்கவே வேண்டாம். மாவை நல்ல நாட்களில் ஆட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் அந்த வாரம் கடை மாவு. பால் பாக்கெட்டைப் பல்லால் கடிக்காமல் வெட்ட ஒரு கத்தரிக்கோலை அடுப்பருகே மாட்டிவையுங்கள்.

பாவாடை நாடாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீங்கிய விரலோடு, நேப்கின் மாற்ற அவசரமாகப் போகும்போது, ஈரத்தில் இறுகிப்போன நாடா முடிச்சை அவிழ்க்க முடியாமல் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. அந்த நாட்களுக்கு எலாஸ்டிக் வைத்த பாவாடை, எலாஸ்டிக் பேன்ட் எடுத்துவையுங்கள். தரையோடு பதித்த டாய்லெட்டாக இருந்தால், முட்டி மடக்கி அத்தனை முறை உட்கார்ந்து எழ முடியாது. மேலே போடுகிற கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். பாட்டிக்கு வாங்குகிற பொருள் என்று தயங்க வேண்டாம்.

அந்த நாட்களில்

அடிவயிற்றுக்கு வெந்நீர்ப் பை நல்ல பலன் தரும். துணி சுற்றி வையுங்கள். பிடித்துக்கொண்ட விரல்களை வெதுவெதுப்பான நீரில் விட்டு மெல்ல மடக்கி விரியுங்கள். ஆனால் சிவந்து, சுட்டு, வீங்கிய மூட்டுக்குச் சூடு ஆகாது. துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். முழுநாளும் படுத்தால் மூட்டு இன்னும் இறுகும். அரை மணிக்கொருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். பாலவாக்கம் கடற்கரை நமக்குப் பிடித்த இடம்தான். ஆனாலும் உதிரி மணலில் நடப்பது வீங்கிய கணுக்காலுக்குப் பெரும் பாடு. அந்த நாட்களில் மொட்டை மாடியோ சமமான தெருவோ மேல்.

ரத்தசோகையையும் பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. மூட்டுவலியால் வரும் அசதி என்று நாம் நினைப்பதில் பாதி ரத்தசோகையாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலோடு போடாதீர்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உதவும்.

இன்னும் சில வீடுகளில் மூன்று நாள் தள்ளி உட்காரும் வழக்கம் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தால் நல்லதுதான். வெறுந்தரையில் பாய் விரித்துப் படுப்பதைத்தான் மூட்டு தாங்காது. "அத்தை, எனக்குக் கட்டிலும் மெத்தையும் வேணும், டாக்டர் சொல்லியிருக்கார்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணவருக்குக் காலண்டர் வட்டத்தைக் காட்டி, அந்த வாரம் தண்ணீர் பிடிப்பதும் துணி பிழிவதும் அவர் வேலை என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இது மாதாந்திர வலி அல்ல என்று எப்போது சந்தேகிக்க வேண்டும்?

காய்ச்சல் வந்தால். குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் உடம்புவலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் டெங்கு என்றே நினைத்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முடிவு தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான், மற்ற வலி மாத்திரை எதுவும் வேண்டாம். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும்போது மாதவிலக்கு உதிரம் கட்டுக்கடங்காமல் போகலாம். "மாசமாசம் வர்றதுதானே" என்று வீட்டில் இருந்துவிடுவது ஆபத்து. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, மயக்கம், மணிக்கொரு நேப்கின் மாற்ற வேண்டிய நிலை, இவற்றில் எது வந்தாலும் 108.

காய்ச்சல் இல்லாவிட்டாலும், உதிரம் 7 நாளுக்கு மேல் நீண்டாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, மகப்பேறு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து வீங்கினாலும் காத்திருக்காதீர்கள்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது

சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு வாத நோய்களுக்குத் தனித் துறை இருக்கிறது. நமக்குப் பக்கமாகத் தரமணியில் வி.எச்.எஸ். மருத்துவமனை. பெண்கள் பிரச்சினைக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, பழைய ஆட்கள் கோஷா ஆஸ்பத்திரி என்பார்களே அது. நடக்கவே முடியாதவர்கள் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்குமா என்று அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும் நாளிலேயே போக முடிந்தால் நல்லது. வீக்கத்தை டாக்டர் நேரில் பார்க்கலாம். முடியாவிட்டால் வீங்கிய கையை, காலை வெளிச்சத்தில் போனில் படமெடுத்து வையுங்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகு வந்த வலி என்று நாமே முடிவுகட்டியது உண்மையில் முடக்குவாதமாகவும் இருக்கலாம். அதனால் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி-சிசிபி, இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். மூன்று மாதக் காலண்டர் தாள்களையும், எல்லா மாத்திரைப் பட்டைகளையும், இரண்டு டாக்டர்களின் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள். எதை நிறுத்துவது, எதை எந்தத் தேதியில் தொடங்குவது என்பதை வாய்வார்த்தையோடு விடாமல் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.