தானே கணிதம் பயில எந்தப் புத்தகம்?



பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியில் முடித்து பாலிடெக்னிக்கில் அடியெடுத்து வைக்கும் நம்மில் பலருக்குக் கணிதம் என்றாலே கலக்கம். "கணக்கு நமக்கு வராதுப்பா" என்று கைகழுவுமுன், கையிலுள்ள புத்தகம் ஏற்றதுதானா என்று பார்க்க வேண்டாமா?

இதற்கு வழிகாட்டி வெளியில் இல்லை. பூம்புகாரில் கடலோடு கலக்கும் காவிரியின் கரையோடு மேற்கே போனால் வரும் கும்பகோணத்தில் வளர்ந்தவர்தான் கணிதமேதை இராமானுஜன் (1887–1920). அவர் தாமே பயின்ற நூல்களில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, எஸ்.எல்.லோனி எழுதிய முக்கோணவியல் நூல். அடிப்படையில் தொடங்கி, மாதிரிக் கணக்கு, பயிற்சி, விடை என்று படிப்படியாக ஏறும் நூல் அது. 13 வயது வாக்கில் இராமானுஜன் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார்.

இரண்டாவது, 1903-ல் கிடைத்த ஜி.எஸ்.கார் என்பவரின் தொகுப்பு. சுமார் 5000 முடிவுகள். விளக்கம் மிகச் சொற்பம். கார், தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் அது ஒரு 'கைடு'! இராமானுஜன் அதை மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் சிலேட்டில் தாமே போட்டுப் பார்த்தார். ஆனால் அந்த நூலின் பழக்கம் அவரையும் தொற்றியது. அவருடைய நோட்டுகளிலும் பெரும்பாலும் முடிவுகள் மட்டுமே. அவற்றுக்கு நிரூபணம் தேடித் தொகுத்து, புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட வேண்டியிருந்தது.

நமக்குப் பாடம் என்ன? முதலில் லோனி போன்ற நூல், பிறகுதான் கைடு. ஓர் உதாரணம். x²-ன் வகைக்கெழு 2x என்று கைடு ஒரே வரியில் சொல்லிவிடும். ஏன்? பக்கம் 10 மீட்டர் உள்ள சதுர வயலின் நீளத்தையும் அகலத்தையும் 1 சென்டிமீட்டர் கூட்டுங்கள். பரப்பு 100 சதுர மீட்டரிலிருந்து 100.2001 ஆகும். கூடியது என்ன? இரு ஓரங்களிலும் 10 × 0.01 அளவில் இரண்டு பட்டைகள், அதாவது 0.2, மூலையில் 0.0001 என்ற துணுக்கு. கூட்டும் அளவு குறையக் குறைய மூலை பொருட்டே இல்லாமல் போகும். இரண்டு பட்டைகள்தான் 2x! இப்படி விளக்கும் நூலே கற்றுக்கொடுக்கும் நூல். 1910-ல் வந்த 'கால்குலஸ் மேட் ஈஸி' இந்த வகை. எழுதிய சில்வானஸ் தாம்சன், நம்மைப் போன்ற தொழில்நுட்ப மாணவர்களுக்குப் பாடம் நடத்திய மின்பொறியியல் பேராசிரியர்.

புத்தகம் வாங்குமுன் இந்த நான்கையும் சோதியுங்கள்:

1. உங்களுக்குத் தெரிந்த பாடத்தைப் புரட்டுங்கள். அதுவே புரியவில்லையென்றால் தெரியாதது எப்படிப் புரியும்?

2. மாதிரிக் கணக்கில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று தெரிகிறதா?

3. பயிற்சிக் கணக்குகளுக்குக் கடைசியில் விடை உண்டா? தனியே படிப்பவனுக்கு அதுதான் வாத்தியார்.

4. முதல் பத்துப் பக்கம் தடுமாறாமல் போகிறதா? இல்லையேல் ஒரு படி கீழிறங்குங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

செலவுக்கும் பயப்பட வேண்டாம். தமிழ்நாடு அரசின் பத்து, பதினொன்றாம் வகுப்புக் கணித நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கணக்கோடு ஆங்கிலக் கலைச்சொல்லும் கைவந்துவிடும்.

நண்பர்களே, நாலு புத்தகம் வாங்கி அடுக்குவதைவிட ஒன்றை முழுசாகப் போட்டு முடிப்பதே மேல். மாதிரிக் கணக்கின் விடையைத் தாளால் மறைத்துவிட்டு, முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். கணக்கு கண்ணால் படிப்பதல்ல, கையால் படிப்பது!