பொற்சுவோலியின் எழுந்தமரும் நிலம்

எரிமலை என்றதும் புகையுமிழும் கொடுமுடியையே நாம் நினைக்கின்றோம். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கேயுள்ள பிளெகிறேயன் நிலமோ வீடுகள் நிறைந்த அகன்ற பள்ளம். அங்கே பொற்சுவோலி நகரின் பண்டைச் சந்தையில் மூன்று சலவைக்கல் தூண்கள் நிற்கின்றன. ஆளுயரத்துக்கும் மேலே கடற்சிப்பிகள் துளைத்த வடுக்கள் அவற்றிற் காணப்படும். நிலம் தாழ்ந்து தூண்கள் கடலுள் அமிழ்ந்து மீண்டும் எழுந்தமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

1538 இல் நிலம் வீங்கிற்று, கடல் பின்வாங்கிற்று, ஒரு கிழமைக்குள் புதுமலையொன்று தோன்றிற்று. 1982 முதல் 1984 வரையும் நிலம் ஏறத்தாழ 1.8 மீற்றர் உயர்ந்தது, நடுக்கங்கள் மலிந்தன, ஏறத்தாழ 40,000 மக்கள் அகற்றப்பட்டனர், ஆயின் வெடிப்பு நிகழவில்லை. ஒரே வகை அறிகுறிகள், முடிவோ வேறு. 1970 இல் றியோனே தெறாவிலிருந்து வெளியேற்றப்பட்டோர் தம் இல்லங்களிற் குடியேற மீளவேயில்லை என்பதையும் அவ்வூரார் மறந்திலர்.

2005 முதல் நிலம் மறுபடியும் உயர்கின்றது. வெசூவியசு அவதான நிலையத்தார் நில உயர்வையும் நடுக்கங்களையும் சொல்பற்றாராவின் ஆவிகளையும் இடையறாது அளக்கின்றனர். வெடிக்குமெனத் தோன்றின், ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களை 72 மணித்தியாலத்துள் அகற்றுதல் அரசின் திட்டம். அத்துணை முன்னதாக நிலம் ஐயமறப் பேசுமென அது கொள்கின்றது. 1984 ஐ நோக்கும் நாம் அதனை எளிதில் ஏற்கோம்.